ஒரே புத்தகத்தின் 82 பிரதிகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, புத்தக அலமாரியில் இனி ஒரு விரலைக்கூட நுழைக்க முடியாது என்ற நிலை வந்தபோது, இரண்டிரண்டாக இருந்த புத்தகங்களில் ஒன்றைக் கழித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்படிக் கழித்தவற்றுள் ஃபிரான்ஸ் காஃப்காவின் ‘விசாரணை’ நாவலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்திய மூலத்திலிருந்து செய்த புதிய மொழிபெயர்ப்பை வாங்கிவிட்டதால், அட்டை தேய்ந்து, தையல் விட்டுப்போன பழைய பிரதியை வைத்துக்கொள்வதற்கு நியாயம் எதுவும் தோன்றவில்லை. கேட்டவருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டே மாதங்களில், காஃப்காவின் நண்பர் மாக்ஸ் பிராட் அந்த நாவலுக்கு எழுதிய பின்னுரையில் ஓரிடத்தைச் சரிபார்க்க வேண்டி வந்தது. புதிய புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். மொழிபெயர்ப்பாளரின் முன்னுரை இருந்தது, பதிப்புக் குறிப்பு இருந்தது, பிராட் இல்லை. தன் எழுத்துகள் அனைத்தையும் எரித்துவிடச் சொன்ன நண்பனின் சொல்லை ஏன் மீறினேன் என்று அவர் விளக்கிய பக்கங்கள், நான் கொடுத்தனுப்பிய அந்தக் கிழிசல் பிரதியோடு போய்விட்டன.

‘இதுதான் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?’ என்ற கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. அன்று அந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொண்டு, தவறான விடையையும் சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு அரிய இலக்கியச் சேகரிப்புகளைப் பற்றியும், எழுத்தாளர்களைக் குறித்த ஆய்வு நூல்களைப் பற்றியும் படிக்கும்போதெல்லாம் என் கண் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாங்கியவர்களும், அப்படி வாங்கியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டவர்களும் இல்லாதிருந்தால், நாம் மேற்கோள் காட்டும் வரிகளில் எத்தனை அந்த எழுத்தாளருடையவை என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இந்தப் பைத்தியத்தின் உச்சம் ஹென்றி கிளே ஃபோல்ஜர். ஷேக்ஸ்பியர் 1616இல் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, அவருடைய நாடகக் குழுவில் உடனிருந்த ஜான் ஹெமிங்ஸும் ஹென்றி காண்டெலும் 36 நாடகங்களைத் திரட்டி 1623இல் வெளியிட்ட பெருந்தொகுதியைத்தான் முதல் ஃபோலியோ என்கிறோம். அதில் உள்ள நாடகங்களில் பாதி, அதாவது 18 நாடகங்கள், அதற்கு முன் அச்சேறாதவை. ‘மாக்பெத்’ அவற்றுள் ஒன்று. சுமார் 750 பிரதிகள் அச்சிட்டிருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 235. அவற்றில் 82 பிரதிகள் வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. எண்ணெய் நிறுவனம் ஒன்றில் உயர்பதவி வகித்த ஃபோல்ஜரும் அவருடைய மனைவி எமிலியும் பல பத்தாண்டுகளாக வாங்கி, பெட்டிகளில் அடைத்து, கிடங்குகளில் பூட்டிவைத்தவை அவை. நூலகத்துக்கு அடிக்கல் நாட்டிய சில நாட்களிலேயே, 1930இல், ஃபோல்ஜர் இறந்துவிட்டார். கட்டடம் 1932இல் திறக்கப்பட்டது. தான் சேர்த்த புத்தகங்கள் அனைத்தையும் ஓரிடத்தில் அடுக்கிவைத்துப் பார்க்கும் பேறு அவருக்குக் கிடைக்கவேயில்லை.

ஒரே நூலின் இத்தனை பிரதிகளைப் பதுக்குவது செல்வச் செருக்கு அல்லாமல் வேறென்ன என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடை சொன்னவர் சார்ல்டன் ஹின்மன் என்ற ஆய்வாளர். அக்கால அச்சகங்களில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே மெய்ப்புத் திருத்துவார்கள். பிழை கண்ணில் பட்டால் பொறியை நிறுத்தி எழுத்தை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுவார்கள். ஆனால் காகிதம் விலை உயர்ந்தது. ஆகையால் அதுவரை பிழையோடு அச்சான தாள்களை எறிய மாட்டார்கள். திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே கட்டுக்குப் போகும். ஆகவே ஒரு பிரதியில் பிழையாக இருப்பது இன்னொன்றில் சரியாக இருக்கும். அந்த இன்னொன்றிலேயே வேறொரு பக்கம் திருத்தப்படாமல் கிடக்கும். 1623ஆம் ஆண்டின் முதல் ஃபோலியோ என்ற ஒற்றைப் புத்தகம் உலகில் எங்கும் இல்லை. ஒவ்வொரு பிரதியும் தனித்தனிக் கலவை.

இதைக் கண்ணால் வரிவரியாக ஒப்பிடுவது ஆயுள் முழுவதும் நீளும் வேலை. ஹின்மன் அதற்கு ஒரு பொறியைச் செய்தார். இரண்டு பிரதிகளை ஒரே பக்கத்தில் விரித்து இருபுறமும் வைத்து, கண்ணாடிகளின் வழியாக இரண்டு பக்கங்களின் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி அமைத்து, விளக்குகளை மாற்றி மாற்றி எரியவிட்டால், இரண்டும் ஒன்றாக இருக்கும் இடங்கள் அசையாமல் நிற்கும். எங்கே ஓர் எழுத்து, ஏன் ஒரு காற்புள்ளி, வேறுபட்டாலும் அந்த இடம் மட்டும் துடிக்கும். வானியலாளர்கள் இரண்டு இரவுகளில் எடுத்த வான்படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து நகரும் கோளைப் பிடிப்பதும் இதே உத்திதான். ஃபோல்ஜர் நூலகத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிரதிகளை ஹின்மன் இப்படி ஒப்பிட்டு, அச்சிட்ட முறையையும் மெய்ப்புத் திருத்திய முறையையும் பற்றி 1963இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார்.

அந்த நூலை முழுதாகப் படித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். அட்டவணைகளும் எழுத்துகளின் அடையாளக் குறிகளுமாக நிறைந்த அதைத் தொடர்ந்து படிக்கவும் முடியாது. ஆனால் அங்கங்கே திறந்து படித்தாலே வியப்பாக இருக்கிறது. முனை உடைந்த ஈய எழுத்து ஒன்று எந்தெந்தப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பின்தொடர்ந்தே, பக்கங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டன என்று கண்டுபிடிக்கிறார். அச்சுக்கோத்தவர்களின் பெயர் தெரியாது; ஆனால் அவர்களின் கை தெரிகிறது. ‘டூ’, ‘கோ’ என்ற சின்னஞ்சிறு சொற்களை ஒருவர் கடைசியில் ‘இ’ சேர்த்துக் கோக்கிறார், இன்னொருவர் சேர்க்காமல் கோக்கிறார். தொழில் பழகும் சிறுவன் என்று கருதத்தக்க ஒருவன், துன்பியல் நாடகங்களின் பக்கங்களில் பிழைக்குமேல் பிழை விடுகிறான். நானூறு ஆண்டுகளுக்கு முன் மை படிந்த விரல்களோடு நின்ற அந்தப் பையனின் தடுமாற்றத்தை, 82 பிரதிகளை ஒரே கட்டடத்தில் சேர்த்துவைத்தவரின் பேராசை நமக்குக் காட்டிக்கொடுத்தது. பேராசையை இந்த ஒரு சமயத்தில் மன்னித்துவிடலாம்.

பிரதிகளை ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஹெர்மன் மெல்விலைப் பற்றியது. எஃப். ஓ. மத்தியேசன் 1941இல் வெளியிட்ட ‘அமெரிக்க மறுமலர்ச்சி’ அந்நாட்டு இலக்கிய ஆய்வில் ஒரு தூண் என்று போற்றப்படும் நூல். அதில் அவர் மெல்விலின் ‘வெள்ளைச் சட்டை’ நாவலில் வரும் ஓரிடத்தை எடுத்துக்கொள்கிறார். பாய்மரத்திலிருந்து கடலில் விழுந்தவன் ஆழத்தில் அமிழ்ந்துகொண்டிருக்கும்போது, ‘அழுக்கான’ கடல்மீன் ஒன்று அவன் விலாவை உரசிப் போகிறது. தூய்மைக்கு இருப்பிடமான கடலில் அழுக்கு என்ற சொல்லைக் கொண்டுவந்து சில்லிடவைக்கும் துணிச்சல் மெல்விலைத் தவிர வேறு யாருக்கு வரும் என்ற பொருள்பட மத்தியேசன் வியக்கிறார். நல்ல விமர்சனம், நுட்பமான வாசிப்பு. ஒரே ஒரு குறை. மெல்வில் எழுதியது ‘சுருண்ட’ மீன். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் முதலெழுத்து ஒன்றுதான் வேறுபாடு. 1850இல் வந்த முதற்பதிப்புகளில் சுருண்டிருந்த மீனை, மத்தியேசன் பயன்படுத்திய பிற்காலத் தொகுப்பின் அச்சுக்கோப்பு அழுக்காக்கிவிட்டது. அந்தப் பிழையை 1949இல் வேறோர் ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். மத்தியேசன் வியந்து பாராட்டியது யாரோ ஓர் அச்சுத் தொழிலாளியின் கைத்தவறுதலை. அதைப் படித்த நாளிலிருந்து, ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எழுத்தாளரின் மேதைமையை வியக்க எனக்குத் துணிவு வருவதில்லை.

இதுவரை சொன்னது கவனக்குறைவின் கதை. அடுத்தது கயமையின் கதை; சொல்லப்போனால், ஓர் எழுத்தாளரின் வெளியீடுகளைப் பட்டியலிடும் நூலடைவு என்ற வறண்ட துறையிலிருந்து பிறந்த துப்பறியும் கதை. தாமஸ் ஜேம்ஸ் வைஸ் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலப் புத்தகச் சேகரிப்பாளர்களின் முடிசூடா மன்னர். பிரௌனிங், டென்னிசன், ரஸ்கின், கான்ராட் என்று பலருடைய படைப்புகளுக்கும் விரிவான நூலடைவுகளை அவரே தொகுத்தார். ஏதாவது ஒரு சிறுவெளியீடு உண்மையானதா என்று ஐயம் வந்தால், வைஸின் நூலடைவில் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அந்த நூலடைவுகளில் இடம்பெற்ற மிகப் புகழ்பெற்ற சிறுவெளியீடு, எலிசபெத் பாரெட் பிரௌனிங் தன் கணவருக்காக எழுதிய காதல் கவிதைகளின் தனிப்பதிப்பு. ரெடிங் நகரம், 1847, வெளியீட்டுக்கு அல்ல என்று முகப்பில் அச்சிட்டிருக்கும். அந்தக் கவிதைகள் பொதுவெளியில் வந்தது 1850இல். ஆகையால் இந்த மெல்லிய நூலுக்குக் காதல் கதையும் இருந்தது, கனத்த விலையும் இருந்தது.

ஜான் கார்ட்டர், கிரஹாம் போலார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வணிகர்களுக்கு இதில் ஏதோ உறுத்தியது. தனிப்பட்ட முறையில் நண்பர்களுக்காக அச்சிட்டது என்றால், கவிஞர் கையெழுத்திட்டு யாருக்காவது கொடுத்த ஒரு பிரதியாவது இருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. அக்காலத்தில் யாராவது வாங்கி அட்டை கட்டிக்கொண்ட பிரதியும் இல்லை. கிடைத்தவை எல்லாம் நேற்று அச்சகத்திலிருந்து வந்தவைபோலப் புத்தம் புதியவை. இருவரும் தாளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். அதில் மரக்கூழின் இழை இருந்தது. பழைய துணிக் கந்தலிலிருந்து காகிதம் செய்த காலம் போய், இங்கிலாந்தில் எஸ்பார்ட்டோ புல் பயன்பாட்டுக்கு வந்ததே 1861 அளவில். வேதிமுறை மரக்கூழ் அதற்கும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தியது. 1847இல் அச்சான நூலின் தாளில் அது எப்படி வந்தது? அடுத்து எழுத்துரு. ஆங்கில ‘எஃப்’, ‘ஜே’ எழுத்துகளின் வளைந்த முனைகள் உடலுக்கு வெளியே நீளாதபடி வடிவமைத்த ஒரு புதிய எழுத்து அதில் இருந்தது. அதே எழுத்தோடு, வேறொரு வரிசையிலிருந்து வந்து பொருந்தாமல் நிற்கும் கேள்விக்குறி ஒன்றும் இருந்தது. இந்தக் கலவை ஒரே ஓர் அச்சகத்தில், அதுவும் 1880க்குப் பிறகுதான் சாத்தியம் என்று நிறுவிவிட்டார்கள்.

1934இல் அவர்கள் வெளியிட்ட நூலின் தலைப்பு, ‘சில பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிறுவெளியீடுகளின் தன்மை குறித்த ஒரு விசாரணை’. இதைவிடச் சோம்பலான தலைப்பை யோசிக்க முடியாது. உள்ளே இருப்பதோ வெடிகுண்டு. வைஸ்தான் போலிகளைச் செய்தார் என்று அவர்கள் எந்த இடத்திலும் வெளிப்படையாக எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லாதபடி சான்றுகளை அடுக்கினார்கள். வைஸ் 1937இல் இறந்தார். அவருடைய ஆஷ்லி நூலகத்தை பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைகொடுத்து வாங்கியது. கதை அங்கும் முடியவில்லை. 1950களில் டேவிட் ஃபாக்ஸன் அந்தச் சேகரிப்பின் பழைய நாடக நூல்களை அருங்காட்சியகத்தின் பிரதிகளோடு ஒப்பிட்டபோது, வைஸின் பிரதிகளில் இருந்த தாள்கள் பலவும் அருங்காட்சியகப் பிரதிகளிலிருந்து கிழித்தெடுத்தவை என்று தெரியவந்தது. குறையுள்ள தன் பிரதிகளை நிறைவாக்கவும், பிற சேகரிப்பாளர்களுக்கு விற்கவும் அவர் திருடிய தாள்கள் இருநூறுக்கும் மேல். தன் வீட்டுப் பொருளையே பணம் கொடுத்து வாங்கியிருந்தது அருங்காட்சியகம்.

போலி நூல்களுக்கு நற்சான்று கொடுத்தது நூலடைவு. அதை அம்பலப்படுத்தியதும் இன்னொரு நூலடைவு ஆய்வு. ஆய்வு நூல் என்பதற்காகவே அதை நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இதில் நகைமுரண் வேறு. வைஸின் போலிகள் இன்று சேகரிப்பாளர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன. போலி என்று தெரிந்தே வாங்குகிறார்கள்.

செவ்வியல் எழுத்தாளர்களைவிட வெகுசன எழுத்தாளர்களின் முதற்பதிப்புகள் கிடைப்பது கடினம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. காரணம் எளியது. எல்லோரும் படித்த புத்தகம் படித்தே தீர்ந்துபோகும். 1887இல் ‘பீட்டன் கிறிஸ்துமஸ் மலர்’ என்ற ஒரு ஷில்லிங் இதழில்தான் ஷெர்லக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றினார். கதையின் முழு உரிமைக்கு ஆர்தர் கோனன் டாயில் பெற்றது 25 பவுண்டு. படித்துவிட்டுத் தூக்கி எறிவதற்கென்றே அச்சிட்ட அந்த இதழின் பிரதிகளில் இன்று இருப்பிடம் அறியப்பட்டவை முப்பதுக்குச் சற்று மேல்தான். எஞ்சியிருக்கும் முதல் ஃபோலியோக்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கை புரியும். கோனன் டாயிலின் எழுத்துகளுக்கு முழுமையான நூலடைவை 1983இல் தந்த இருவரில் ஒருவரான ரிச்சர்ட் லான்சிலின் கிரீன், பல்கலைக்கழக ஆசிரியர் அல்லர். சிறுவயதிலிருந்தே ஹோம்ஸ் பித்துப் பிடித்த சேகரிப்பாளர். 2004இல் அவர் இறந்தபின், கோனன் டாயில் மருத்துவத் தொழில் செய்த போர்ட்ஸ்மத் நகரத்துக்கு அந்தச் சேகரிப்பு போய்ச் சேர்ந்தது. வெகுசன எழுத்தாளர்களைப் பற்றிய நல்ல ஆய்வு நூல்களில் பல இப்படி ரசிகர்களின் கையிலிருந்து வந்தவை. கோட்பாட்டு நூல்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பழசாகிவிடுகின்றன. ஒரு ரசிகர் முப்பது ஆண்டுகள் தேடித் தொகுத்த பட்டியல் பழசாவதில்லை என்பது என் அனுபவம். இதில் எனக்குச் சற்று ஓரவஞ்சனை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டிக்கன்ஸ் செவ்வியலா, வெகுசனமா என்று கேட்டால் இரண்டும்தான். ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836, 1837ஆம் ஆண்டுகளில் மாதந்தோறும் மெல்லிய உறை போட்ட தனித்தனி இதழ்களாக வந்தது. தொடக்கத்தில் ஆயிரம் பிரதிகூடத் தேறாத விற்பனை, முடியும் தறுவாயில் 40,000 ஆயிற்று. ஆகையால் முதல் இதழ்கள் பிற்பாடு மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டன. கடைசி இதழ்களுக்கு அந்தத் தேவை எழவில்லை. உண்மையிலேயே மாதாமாதம் வாங்கிச் சேர்த்த தொகுதி எது, பின்னாளில் ஒட்டுப்போட்டது எது என்று பிரிக்க, சித்திரங்களைப் பார்க்க வேண்டும். முதல் ஓவியரான ராபர்ட் சீமூர் இரண்டாம் இதழ் வருவதற்குள் தற்கொலை செய்துகொண்டார்; அடுத்து வந்த பஸ் என்பவரின் இரண்டு படங்கள் மூன்றாம் இதழில் வந்து, பிறகு நீக்கப்பட்டு, ‘ஃபிஸ்’ என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் வரைந்த படங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பஸ்ஸின் படங்கள் இருந்தால் அது ஆரம்பகாலப் பிரதி. நூலகங்களோ அக்காலத்தில் உறைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்து எறிந்துவிட்டு அழகாகத் தோல் அட்டை கட்டிவிட்டன. எந்த மாதத்தில் கதை எங்கே நின்றது, வாசகர் அந்த மாதம் எந்த விளம்பரங்களைக் கடந்து கதைக்குள் போனார் என்பதெல்லாம் அந்தக் குப்பையோடு போயிற்று.

டிக்கன்ஸைப் பற்றிய நூல்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், ஜான் பட்டும் கேத்லீன் டில்லட்சனும் 1957இல் எழுதிய ‘பணியில் டிக்கன்ஸ்’ நூலைத்தான் வைத்துக்கொள்வேன். டிக்கன்ஸின் நண்பர் ஜான் ஃபோர்ஸ்டர் பாதுகாத்து, இறக்கும்போது பொதுச் சேகரிப்புக்கு விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளில், ஒவ்வொரு மாத இதழுக்கும் முன் டிக்கன்ஸ் தனக்காக எழுதிக்கொண்ட திட்டக் குறிப்புகள் உள்ளன. தாளின் ஒரு பாதியில் தனக்குத்தானே கேள்விகள். சில நாட்கள் கழித்து அவற்றுக்குத் தானே எழுதிய விடைகள். இவரைக் கொண்டுவரலாமா? இல்லை, அடுத்த இதழில். ‘பிளீக் ஹவுஸ்’ நாவலின் குறிப்புகளில், தெருப் பெருக்கும் சிறுவன் ஜோவின் பெயருக்கு எதிரே: ஆம், அவனைக் கொன்றுவிடு. அந்தச் சிறுவனின் மரணத்தைப் படித்து ஒரு தலைமுறையே கண்ணீர் விட்டது. அதை எழுதியவர் அதற்கு முன் கணக்குப் பிள்ளை பற்று எழுதுவதுபோல் ஒரு வரி குறித்துக்கொண்டார் என்று தெரிந்தபோது, எனக்கு அவர்மீது மதிப்புக் கூடத்தான் செய்தது.

தாளைப் படிப்பது என்றால் எழுத்தை மட்டும் படிப்பது அன்று என்பதை அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கதையில் கற்றுக்கொள்ளலாம். வாழ்நாளில் பத்துக் கவிதைகள் அளவே அச்சில் பார்த்த அவர், 1886இல் இறந்தபின் அவருடைய அறையில் ஊசியும் நூலும் கொண்டு அவரே தைத்த சிறுசிறு கட்டுகள் கிடைத்தன. முதல் பதிப்பாசிரியர்கள் 1890இல் அவருடைய நீள்கோடுகளை வெட்டி, எதுகைகளைச் சீர்செய்து வெளியிட்டார்கள். பதிப்பு வேலையின்போது கட்டுகளும் பிரிந்து, தாள்கள் வரிசை கலைந்துபோயின. குடும்பப் பகையில் அவை இரண்டாகப் பிரிந்து ஹார்வர்டிலும் ஆம்ஹர்ஸ்ட்டிலும் சேர்ந்தன. ஆர். டபிள்யூ. ஃபிராங்க்ளின் செய்தது இதுதான்: ஊசித் துளைகள் எந்தத் தாளோடு எந்தத் தாளுக்கு நேராக வருகின்றன, மைக்கறை எதிர்ப்பக்கத்தில் எங்கே ஒட்டியிருக்கிறது, தாளின் மடிப்பும் கசங்கலும் எப்படித் தொடர்கின்றன என்று பார்த்து, நாற்பது கட்டுகளையும் கவிஞர் தைத்த வரிசையிலேயே மீட்டு 1981இல் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். எந்தக் கவிதையை எதன் பக்கத்தில் அவர் வைத்தார் என்பது நூறாண்டுக்குப் பின் ஊசித்துளை வழியாகத் தெரியவந்தது.

இணையத்தில் எல்லாம் படமாகக் கிடைக்கும்போது இனி இந்தத் தூசியெல்லாம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படமாக்கியவர்களுக்கு நான் பெரிதும் கடன்பட்டவன். நான் மேலே சொன்னவற்றில் பலவற்றைத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் படமாக்குவதற்கு ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்தவுடன், அந்த ஒன்றே ஊருக்கெல்லாம் பிரதிநிதியாகிவிடுகிறது. மேலும் படம் ஏமாற்றவும் செய்யும். ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸஸ்’ நாவலுக்கு ஹான்ஸ் வால்ட்டர் காப்லர் 1984இல் மூன்று தொகுதிகளாகச் செம்பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். ஐயாயிரம் திருத்தங்கள் என்று பெரும் வரவேற்பு. நான்கு ஆண்டுகளில் ஜான் கிட் என்பவர் அதன் மீது பாய்ந்தார். டப்ளினில் நடந்த பந்தயத்தில் கலந்துகொண்ட மெய்யான மனிதர் ஒருவரின் பெயர் ‘திரிஃப்ட்’ என்பது ‘ஷ்ரிஃப்ட்’ என்றும், ‘புல்லர்’ என்ற பெயர் ‘கல்லர்’ என்றும் மாறியிருப்பதைக் காட்டி, மூலத் தாள்களைப் பாராமல் நிழற்படங்களை நம்பியதன் விளைவு இது என்றார். காப்லரின் உழைப்பு முழுவதையும் அந்த இரண்டு பெயர்களை வைத்துத் தள்ளிவிடுவது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஐயாயிரம் பிழைகளை நீக்கப் புறப்பட்டவர் இரண்டு புதிய பிழைகளைச் சேர்த்ததைப் படிக்கும்போது, பதிப்பாசிரியர்களும் மனிதர்களே என்று ஆறுதலாக இருக்கிறது.

பழைய ஆய்வு நூல்களை வாங்குகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்று சிலர் கேட்டதுண்டு. பெரிய இரகசியம் எதுவும் இல்லை. கடைசிப் பக்கங்களிலிருந்து புரட்டத் தொடங்குங்கள். பின்னிணைப்புகளும் பெயரடைவும் சுருங்கியிருந்தால், மறுபதிப்பில் பதிப்பகம் காகிதத்தைச் சேமித்திருக்கிறது என்று பொருள். உள்ளே பிழைதிருத்தச் சீட்டு செருகியிருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். ‘திருத்திய பதிப்பு’ என்ற சொல்லை மட்டும் நம்பிப் பழையதைக் கழிக்காதீர்கள். திருத்தும்போது நீக்கியதும் உண்டு. மேலுறை கிழிந்திருந்தாலும் இருக்கட்டும். ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925இல் வந்தபோது, மேலுறையின் பின்புறத்தில் ‘ஜே’ என்ற பெயரின் முதலெழுத்து சிற்றெழுத்தாக அச்சாகிவிட்டது. யாரோ உட்கார்ந்து ஒவ்வோர் உறையிலும் பேனாவால் அதைத் திருத்தினார்கள். அந்த மேலுறை இன்று புத்தகத்தைவிடப் பன்மடங்கு விலை போகிறது. விலையை விடுங்கள், தெரியாத ஒருவர் ஒரு நாள் முழுவதும் ஒரே எழுத்தைத் திருத்திக்கொண்டிருந்த காட்சியே எனக்குப் போதும்.

எழுத்தாளரின் உடைமைகளைச் சேகரிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. பேனா, மூக்குக்கண்ணாடி, முடிக்கற்றை எல்லாம் ஆய்வுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. ஆனால் ஜேன் ஆஸ்டினின் முடிக்கற்றையை ஏலத்தில் எடுத்த அமெரிக்கரான ஆல்பர்ட்டா பர்க்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்டின் அன்பர்களின் கூட்டமொன்றில், அந்த முடி கடல்கடந்து போய்விட்டதே என்று யாரோ அங்கலாய்க்க, கூட்டத்தில் இருந்த அவர் எழுந்து அங்கேயே அதைக் கொடுத்துவிட்டார். அது இப்போது ஆஸ்டின் வாழ்ந்த வீட்டில் இருக்கிறது. அவர் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை சேர்த்தவை கடிதங்களும், முதற்பதிப்புகளும், மொழிபெயர்ப்புகளும், ஆஸ்டினைப் பற்றி எங்கே எது வந்தாலும் வெட்டி ஒட்டிய குறிப்பேடுகளும். முடியைக் கொடுத்துவிட்டுத் தாளை வைத்துக்கொண்டவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மரியாதை.

காஃப்காவுக்குத் திரும்புகிறேன். பிராட் 1939இல் பிராகை விட்டுத் தப்பும்போது பெட்டியில் எடுத்துச் சென்ற தாள்களில் பெரும்பகுதி, பிறகு சுவிட்சர்லாந்தில் வைக்கப்பட்டு, 1961இல் மால்கம் பாஸ்லி என்ற ஆய்வாளரின் காரில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ‘விசாரணை’யின் கையெழுத்துப் பிரதி மட்டும் தனியாக 1988இல் ஏலத்துக்கு வந்து, பத்து லட்சம் பவுண்டுக்கு மார்பாக்கில் உள்ள ஜெர்மன் இலக்கியக் காப்பகத்தை அடைந்தது. காஃப்கா அத்தியாயங்களுக்கு எண் இடவில்லை. தனித்தனிக் கட்டுகளாக உறையிட்டு வைத்திருந்தார். வரிசை பிராட் கொடுத்தது. 1997இல் ரோலண்ட் ராய்ஸ் அந்தப் பிரதியின் நிழற்படங்களை ஒரு பெட்டிக்குள் 16 தனிப் புத்தகங்களாகவே வெளியிட்டார். எதை முதலில் எடுப்பது என்பது படிப்பவர் பாடு. அடித்த சொற்களையும், வரிக்கு மேல் ஏறிக்கொண்ட திருத்தங்களையும் பார்த்துக்கொண்டு அந்தப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தபோது, மூன்று முறை படித்திருந்த நாவலை முதல்முறை படிப்பதுபோல இருந்தது. அதற்குப் பிறகுதான் பிராட் என்ன செய்திருந்தார் என்பது சரியாகப் புரிந்தது. அதை அவர் வாயாலேயே கேட்கவும் ஆசை வந்தது.

பழைய மொழிபெயர்ப்பை மறுபடியும் வாங்கினேன். நான் கொடுத்தது அல்ல, வேறொரு பிரதி. முன்பு வைத்திருந்தவர் ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கேள்விக்குறிகள் போட்டிருக்கிறார். பின்னுரையில் நான் தேடிய இடம் கடைசிக்கு முந்தின பக்கத்தில் தொடங்குகிறது. கடைசித் தாள் கிழிந்து போயிருக்கிறது. மூன்றாவது பிரதிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.